குருசாமிக்கு நான் பெண் கேட்டுப் போனது

நட்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கூட்டம் கலைந்துவிடும். தன்னடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கலைந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியனாக வந்து சேர்ந்தேன். செய்யுளை ராகம் போட்டுச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். அப்படி மூடிக்கொண்டால் பாட்டின் சுவை கூடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சமவெளியில் இதைச் செய்யலாம். மலையில் செய்யக் கூடாது. அங்கே மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் கடைசி பெஞ்சு மறையும், அப்புறம் நடு பெஞ்சு. ஒரு நாள் கடைசி பீரியடில் நட்பைப் பற்றிய பாடம். நான் கண்ணை மூடி, உருகி, குரல் தழுதழுத்து, ஒரு வழியாக முடித்துவிட்டுத் திறந்தால் வகுப்பு முழுவதும் பனி. அந்தப் பனிக்குள் ஒரே ஓர் உருவம் அசையாமல் நின்றது. ரசிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருக்கிறானே என்று மனம் குளிர்ந்து, அவனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன்.

"சார், பெல் அடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க. பயலுக ஒவ்வொருத்தனா நழுவிட்டானுக. நான் கதவப் பூட்டணும்" என்றது அந்த உருவம்.

"நீங்க எம்புட்டு நேரமா நிக்கிறீங்க?"

"பாதிப் பேச்சுல இருந்துங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பசிக்குது."

அதுதான் குருசாமி. பள்ளியின் டிரில் மாஸ்டர். அன்று தொடங்கியது எங்கள் பழக்கம்.

புதிதாகத் தமிழாசிரியர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துங்கள் என்பதைச் சொல்ல நான் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டாம். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் ஒன்றும் பார்க்காமல் பேச முடியும். அதிலும் எனக்குத் தேர்ச்சி உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். எழுத்து, அசை, சீர் எல்லாம் உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

மலைக்கு வந்தபோது எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் இப்போது சிரிப்பு வருகிறது. நான் சமவெளிக்காரன். குறிஞ்சி நிலத்தை நூலில் மட்டுமே கண்டவன். குறிஞ்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வந்த மறுநாளே கடைவீதியில் நின்று, தினைப்புனம் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் காட்டினார். கிளி விரட்டும் பெண்களைத் தேடிப் போன இடத்தில், முட்டைக்கோஸ் மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். இருந்தாலும் என் கர்வம் அடங்கவில்லை.

குருசாமிக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாமன் ஒருவர் இருந்தார். கடை விஷயத்தில் மனத்தாங்கலாகிப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆகவே அவனுக்கென்று இருந்த ஒரே உறவு நான்தான். இதை அவன் அதிர்ஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைவீதியில் ஒரு ராவுத்தரின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையில் இருவரும் குடியிருந்தோம். அவன் அதிகம் பேசமாட்டான். வாயில் எப்போதும் விசில் இருந்ததால் பேச்சுக்கு இடமில்லாமல் போய்விட்டதோ என்னவோ. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நட்பைப் பற்றி நம் இலக்கியம் சொல்வதையெல்லாம் நான் அவனுக்குச் சொல்வேன். அங்கே நண்பனுக்காக நாட்டை விடுவார்கள், உயிரை விடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே உள்ளம் உருகுவார்கள். அவன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்பான். பெரும்பாலும் என் சட்டையாக இருக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் திண்டுக்கல்லில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவன், சில மாதம் கழித்து ஒரு நாள் சொன்னான்:

"தாண்டிக்குடியில ஒரு டீச்சர். செண்பகம்னு பேரு. அவுகளுக்கும் சம்மதந்தான். அப்பாரு அங்க காப்பி எஸ்டேட்டுல கணக்குப்பிள்ளை. நம்ம ஆளுகதான், மொறையும் சரியா வருது. பொண்ணு கேட்டு வரச் சொல்லியிருக்காக."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குறிஞ்சி நிலம், தலைவன், தலைவி! அகப்பாடல்களில் தலைவனுக்குப் பாங்கன் என்று ஒரு நண்பன் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். தலைவன் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து கலங்கி நிற்பான். பாங்கன் முதலில் அவனைக் கடிந்துகொள்வான். பிறகு மனம் இரங்கி, அவனுக்காக அவள் இருக்கும் இடத்துக்குத் தானே போவான். பாங்கனாக இருக்கும் வாய்ப்பு எத்தனை தமிழாசிரியர்களுக்குக் கிடைக்கும்? இலக்கணப்படி முதலில் கடிந்துகொண்டேன்.

"வீரனாகிய நீ, அறிவுடைய நீ, ஒரு பெண்ணுக்காக இப்படிக் கலங்கலாமா?"

"நான் எங்கலே கலங்குனேன்? கல்யாணம் பண்ணிக்கிறலாம்னு இருக்கேன். ஒனக்கு ஞாயித்துக்கெழம வர முடியுமா முடியாதா?"

"வராம இருப்பேனா? நானே பேசுறேன்."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. "நீ பேச வேணாம்டா. பெரியவுக யாரும் இல்லாமத் தனியாப் போயி நின்னா நல்லா இருக்காது. பக்கத்துல உக்காரு. கேட்டா ரெண்டு வார்த்தை சொல்லு. அம்புட்டுதான்."

அவன் கேட்டது என் உயிரை அல்ல, என் மௌனத்தை. அதைக் கொடுப்பதுதான் எனக்குச் சிரமம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய், பழம், வெற்றிலை, பூ வைத்த தட்டோடு கிளம்பினோம். ராவுத்தர் தன் பங்குக்குக் கற்கண்டும் பேரீச்சம்பழமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஊத்து என்ற ஊர் வரை பஸ், அங்கிருந்து பண்ணைக்காடு வழியாக ஜீப். வழியெல்லாம் நான் தூங்கிக்கொண்டே போனேன். குருசாமி தட்டையும் என் தலையையும் மாறி மாறித் தாங்கிக்கொண்டு வந்தான். புதிதாக வாங்கிய நீல ஸ்வெட்டர் போட்டிருந்தான். அதன் கையில் வெள்ளைக் கோடு இரண்டு. மாப்பிள்ளைக் களையாகத்தான் இருந்தான்.

கணக்குப்பிள்ளை நல்ல மாதிரி. மனைவியை இழந்தவர், ஒரே மகள். வாசலுக்கு வந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. ரோட்டுல பாறை உருண்டு கெடக்குன்னாகளே, செரமப்படாம வந்தீகளா?" என்று விசாரித்தார். செண்பகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். குருசாமி தரையைப் பார்த்தான். கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பேச மாட்டேங்கிறாரு. நீங்க கூட இருக்கவுக. ஆளு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

"நல்லவன்ங்க, நம்பிக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் காபியைக் குடித்திருக்க வேண்டும். கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்டது யாரை? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். குருசாமி மெல்ல என் தொடையைக் கிள்ளினான். பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பீரியட் அளவுக்குப் பேசினேன். தனக்கென வாழாதவன் என்று தொடங்கினேன். பேத்துப்பாறையிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் காய்ச்சலில் விழுந்தபோது, தனக்கும் காய்ச்சல் இருந்ததைப் பொருட்படுத்தாமல் கொட்டும் மழையில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் குளிரில் நடுங்கிய கூக்கால் கிராமத்துக்காரர் ஒருவருக்குத் தன் ஒரே போர்வையைக் கொடுத்துவிட்டு வந்து, வெறுந்தரையில் சுருண்டு கிடந்ததைச் சொன்னேன். நான் செய்த தவறு ஒன்றுக்குத் தலைமையாசிரியரிடம் தானே பழியை ஏற்றுக்கொண்டதைச் சொன்னேன். நண்பன் கேட்டால் இவன் உயிரையும் கொடுப்பான், யோசிக்கவே மாட்டான் என்று உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாம் உண்மை. ஒன்றுகூட இட்டுக்கட்டியது இல்லை.

இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். கணக்குப்பிள்ளையின் முகம் போகப் போக இறுகியதைப் பார்க்கவும் செய்தேன். உணர்ச்சிவசப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"சந்தோசம்ங்க. தகவல் சொல்லி அனுப்புறோம்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஜீப்பில், "எப்படிப் பேசுனேன்?" என்று குருசாமியைக் கேட்டேன். வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள் என்றான்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாண்டிக்குடி ஜீப் டிரைவர் ராவுத்தர் கடைக்கு வந்து தகவல் சொன்னார். நாங்கள் இருவரும் அங்கேதான் இருந்தோம். டிரைவர் குருசாமியின் முகத்தைப் பார்க்காமல், தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டாருங்க. ஆளு தங்கமான ஆளுதான், அதுல ஒண்ணும் கொறை இல்லையாம். ஆனா ஊருக்குன்னு பொறந்தவராம். மழைன்னும் பாக்காம, காச்சல்னும் பாக்காம கண்டவனுக்கெல்லாம் ஓடுற மனுசனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம் புள்ளை கதி என்ன, இருக்கிற ஒரு போர்வையையும் ரோட்டுல குடுத்துட்டு வந்தா அது எதப் போத்திப் படுக்கும்னு கேக்குறாரு. வெள்ளிக்கெழம பழனியில இருந்து வேற எடத்துல பாக்க வர்றாகளாம். புடிச்சிருந்தா அன்னைக்கே தட்ட மாத்திருவாகளாம்."

"சரிண்ணே" என்றான் குருசாமி. மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அன்று மாலையும் எனக்கு வழக்கம்போல் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். தன் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கு முன்பே, பிற்பகல் டிரில் பீரியடில் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு, வாயில் விசிலை வைத்துக்கொண்டு அவன் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான். நிறுத்தச் சொல்லி விசில் வராததால் பையன்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள். நட்பின் இலக்கணத்தை வரி வரியாகச் சொல்லி, என் ஒரே நண்பனின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

ராவுத்தர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏன் வாத்தியாரே, பொண்ணு கேக்கப் போனியளா, எலெக்சனுக்கு ஓட்டுக் கேக்கப் போனியளா?"

"நல்லதத்தானே பாய் சொன்னேன்?"

"அங்கதான் கெட்டுது. கூடையில இருக்கிறது பூராவும் முத்தல் இல்ல, சொத்தை இல்லன்னு கத்துனா, வாங்க வந்தவன் பயந்துபோயி அடுத்த கடைக்குப் போயிருவான். இந்தா இதுல ஒரு சொத்தை இருக்குன்னு நாமளே எடுத்துக் காட்டணும். அப்பத்தான் மிச்சத்த நம்புவான். நீங்க கெடுத்தது, நீங்கதான் போயிச் சரி பண்ணணும்."

மறுநாள் வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு வெள்ளனே கிளம்பினேன். குருசாமியிடம் சொல்லவில்லை. நல்ல மழை. கையில் அகப்பட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஊத்தில் ஏறிய ஜீப் பண்ணைக்காட்டோடு நின்றுவிட்டது. மேலே ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, நாளைக்குத்தான் வண்டி என்றார்கள். நாளைக்கு என்றால் வெள்ளிக்கிழமை. நாளைக்குப் போய் நான் என்ன செய்ய? தட்டு மாற்றும் இடத்தில் நின்று இன்னொரு சொற்பொழிவா ஆற்றுவது?

நடந்தேன். அகப்பாடல்களில் தலைவன் வரும் மலைவழியில் புலி இருக்கும், யானை இருக்கும். எனக்கு வாய்த்தது அட்டை. காப்பித் தோட்டத்து ஓரமாகப் போகும்போது கால் முழுக்க ஏறிக்கொண்டது. அட்டை என்றால் எனக்கு உயிர் போய்விடும். ஒவ்வொரு வளைவிலும் நின்று, கூச்சல் போட்டு, பிடுங்கி எறிந்துவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்து, மறுபடி நடந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்பது மட்டும் ஓடவே இல்லை.

மதியம் கணக்குப்பிள்ளை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து செண்பகமும் வந்திருந்தாள். என் கோலத்தைப் பார்த்து இருவரும் பதறிவிட்டார்கள்.

"என்ன வாத்தியாரே, இந்த மழையில நடந்தா வந்தீக? மொதல்ல தலையத் தொவட்டுங்க, காலுல ரத்தம் ஓடுது பாருங்க."

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது ஒரு பக்கம்தாங்க. இன்னொரு பக்கம் இருக்கு. அதச் சொல்லாமப் போனது தப்பு. அவன் நீங்க நெனைக்கிற மாதிரி தியாகி எல்லாம் இல்லீங்க. அவனுக்கும் கொறை இருக்கு. நெறையவே இருக்கு."

அவர் மணைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். "சரி, சாப்புட்டுக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

இலை போட்டார்கள். சூடான சோறு, அவரைக்காய்க் குழம்பு. என் எதிரில் அவர், கதவோரம் அவள். இருவரும் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு குறையும் ஞாபகத்துக்கு வரவில்லை. தேடினேன். இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். உருப்படியாகச் சொல்ல ஒரு குறை அகப்படவில்லை. விடிகாலையில் விசிலைத் துடைத்து ஊதிப் பார்ப்பான், அது அவன் தொழில். தம்பிகளே, பரீட்சை மண்டபத்தில் விழிக்கும் மாணவனைப் பார்த்து இனி சிரிக்காதீர்கள். கடைசியில், எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாயைத் திறந்ததும் சரளமாக வந்தது.

"ஈரத்துண்ட அடுத்தவன் கட்டில்ல போடுவாங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, தெனமும். எத்தன சொன்னாலும் கேக்க மாட்டான்."

"சரி" என்றார் அவர்.

"அடுத்தவன் துணிமணிய கேக்காமக் கொள்ளாம எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிருவான்."

"அப்பறம்?"

"சாப்பாடுன்னா அவனுக்குக் கண்ணு தெரியாது. கூட இருக்கவன் சாப்புட்டானா இல்லையான்னு பாக்க மாட்டான்." குழம்பு அபாரமாக இருந்தது. இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். செண்பகம் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வழித்துப் போட்டாள். "அப்பறம் பேச்சு. ஒரு வார்த்தையில முடியுறத ஒம்போது வார்த்தையில சொல்லுவான். அடுத்தவன் பேசுனா மட்டும் காதுல விழாது. அட்டைக்குப் பயப்படுவான், மாட்டுக்குப் பயப்படுவான். ஒரு வெந்நி வைக்கத் தெரியாது. கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். உக்காந்த எடத்துலயே தூங்கிருவான்."

கணக்குப்பிள்ளை வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். இருமல் என்று நினைத்தேன். "வேற ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கை கழுவி வந்து சுவரில் சாய்ந்தேன். நடந்த களைப்பு, வயிறு நிறையச் சோறு, வெளியே மழை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அப்பாவும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நேராக உட்கார்ந்தேன்.

"சார், கோவிச்சுக்காதீக" என்றாள் செண்பகம். "நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டரு ஞாயித்துக்கெழம அவுக போட்டுட்டு வந்தது. அந்தா, ஒங்க ஈரத்துண்டு எங்கப்பா கட்டில்ல கெடக்கு. எங்க ரெண்டு பேரு சோத்தயும் நீங்க சாப்புட்டாச்சு. நீங்க இம்புட்டு நேரம் யாரப் பத்திச் சொன்னீக?"

கட்டிலைப் பார்த்தேன். ஸ்வெட்டரின் கையைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இரண்டும் அப்படியே இருந்தன. காலில் கடித்த அட்டையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அப்பா, இவுகளோட ஒரே ரூம்புல இத்தன வருசம் குப்பை கொட்டியிருக்காக. ஒரு வார்த்தை யாருகிட்டயும் கொறை சொன்னது இல்ல. அப்படியாப்பட்டவுக என்னைய வச்சுக் காப்பாத்த மாட்டாகளா?"

கணக்குப்பிள்ளை வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மருமகன் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது கண்கூடாகத் தெரிந்தது.

"அது வாஸ்தவம்" என்றார். "ஆனா அந்தப் போர்வை?"

"போர்வைய நான் பாத்துக்கிறேன். எங்க வீட்டுல இருந்து எது வெளிய போகணும், எது போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய், எஸ்டேட் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, மழை விட்டதும் பழனிக்குக் கிளம்பச் சொன்னார். நாளைக்கு வர வேண்டாம், பெண்ணுக்கு வேறு இடம் முடிவாகிவிட்டது என்று அங்கே சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று அவர்களிடம் சொன்னேன். பாதி அதுதான். மீதிப் பாதி, இத்தனை காலம் நட்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நான், அதைச் செய்துகொண்டிருந்தவன் அவன் என்பது அந்தக் கட்டிலைப் பார்த்தபோது புரிந்ததனால். நம் இலக்கியத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே நண்பர்கள் பெரும்பாலும் உயிரைக் கொடுக்கும் நேரத்தில்தான் நமக்குக் காட்டப்படுகிறார்கள். அதற்கு முந்தைய நாள் யார் யாருக்கு வெந்நீர் வைத்தார்கள் என்று எழுதப் புலவர்களுக்கு நேரமில்லை. வகுப்பில் அதைச் சொல்ல வேண்டியது நம்முடைய சோலி.

அடுத்த வாரமே சொல்லிப் பார்த்தேன். பாட்டை நிறுத்திவிட்டு, "பக்கத்தில் இருக்கிறவனிடம் நீ பொறுத்துக்கொள்வது என்ன?" என்று ஒவ்வொரு பையனாகக் கேட்டேன். இவன் என் பென்சிலைக் கடிப்பான் என்றான் ஒருவன். அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் என்றான் இன்னொருவன். ஒருவன் எழுந்து, "அவன் கணக்குல என்னைய விட மார்க் வாங்குறான் சார், அதத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். பெல் அடித்தது. ஒருவனும் நகரவில்லை. எனக்குத் தெரிந்து என் வகுப்பில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நான் கொடைக்கானல் திரும்பியதைச் சொல்ல விட்டுப்போயிற்று. இரவு கணக்குப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டு, ஒரு காப்பி லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். குருசாமி மைதானத்தில் இருந்தான். பழனிக்காரர்கள் பெண் பார்க்கும் நேரம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த நேரம். கிட்டப் போய், "தட்டு மாத்துறது நமக்குத்தான்டா. தை மாசம் வச்சுக்கலாமாம்" என்றேன். அவன் என்னை நம்பாமல் பார்த்தான். பிறகு விசிலை எடுத்து நீளமாக ஊதினான். பையன்கள் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். பீரியட் பாதிதான் ஆகியிருந்தது. அவன் வேலையில் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அங்க போயி என்னயப் பத்தி என்னலே சொன்ன?" என்று கேட்டான்.

"ஒன்னயப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலடா."

அவன் நம்பவில்லை. நானும் விளக்கவில்லை; என் வாழ்நாளில் நான் விளக்காமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது கணக்குப்பிள்ளை மருமகனைத் தூணோரம் அழைத்துப் போய் எதையோ சொல்வதும், குருசாமி தோள் குலுங்கச் சிரிப்பதும் தெரிந்தது. நான் இலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாலையும் கழுத்துமாக அவன் என் இலைக்கு எதிரே வந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பாயச வாளியோடு போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, என் இலையைக் காட்டினான்.

"இவருக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றான்.